வலசைப் பறவைகளைப் பின்தொடர்ந்த சாலிம் அலி

சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் உள்ளான் பறவைகள், பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து, ஆண்டுதோறும் நம் கோடியக்கரைக்கு வந்து சேர்கின்றன. அவற்றுள் சில இனங்களில் பெற்றோர் முன்னரே புறப்பட்டுவிட, இளம்பறவைகள் பின்னர்த் தாமாகவே வருகின்றன. ஆயினும் அவை வழி தவறுவதில்லை. இவ்வியப்புக்கு விடை காணும் பணியில் இந்தியாவை ஈடுபடுத்திய பெருமை பறவையியல் அறிஞர் சாலிம் அலியைச் சாரும்.

1896 நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் ஒரு போரா முஸ்லிம் குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தவர் அவர். மூன்று வயதிற்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தார். தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜி அவரை வளர்த்தார். சிறுவனாயிருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் வீழ்த்திய குருவியொன்றின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருக்கக் கண்டு, இஃது உண்ணத் தக்கதா என ஐயுற்றார். மாமன் அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலர் மில்லார்டிடம் அனுப்பினார். மஞ்சள் தொண்டைச் சிட்டு என அதனை இனங்காட்டிய மில்லார்டு, கழகத்தின் பறவைத் தொகுப்பையும் திறந்து காட்டினார். அன்றே அச்சிறுவனின் வாழ்க்கைத் திசை முடிவாயிற்று.

எனினும் அவர் பாதை எளிதாக அமையவில்லை. முறையான பட்டம் இன்மையால் இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையில் பணி கிட்டவில்லை. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்குநராக அமர்ந்தார். பின்னர்ப் பெர்லின் சென்று பேராசிரியர் ஸ்ட்ரெசெமனிடம் பயின்றார். வடகடலின் ஹெலிகோலாந்து தீவில் பறவைகளுக்குக் கால்வளையம் இடும் முறையைக் கற்றார். தாயகம் திரும்பியபோது, நிதியின்மையால் அவர் வகித்த பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. அவரோ கடற்கரைக் கிராமமான கிஹிமில் தங்கித் தூக்கணாங்குருவிகளை ஆராயத் தொடங்கினார்.

ஹெலிகோலாந்தில் கற்ற கலை 1959இல் பெரும்பயன் நல்கியது. வலசைப் பறவைகள் நோய்க்கிருமிகளைச் சுமந்து வருகின்றனவா என்றறிய, உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு கழகம் ஓர் ஆய்வைத் தொடங்கிற்று. அதன் தலைமை சாலிம் அலியிடம் இருந்தது. பரத்பூர், கோடியக்கரை போன்ற இடங்களில் பறவைகளை வலையிற்பிடித்து, எண்ணும் கழகத்தின் பெயரும் பொறித்த மெல்லிய உலோக வளையத்தைக் காலில் பூட்டிப் பறக்கவிட்டனர். பரத்பூரில் வளையமிட்ட வாத்துகள் சோவியத் நாட்டில் அகப்பட்டபோது, அவற்றின் போக்குவரவு ஐயமற விளங்கிற்று.

வளையம் இடத்தைக் காட்டும். வழியறியும் விதத்தைக் காட்ட வேறு சோதனைகள் வேண்டியிருந்தன. பகலில் கதிரவனும் இரவில் விண்மீன்களும் பறவைகளுக்குத் திசைகாட்டுகின்றன என்பதை ஜெர்மானிய அறிஞர்கள் 1950களில் கண்டனர். புவியின் காந்தப்புலத்தையும் பறவைகள் உணர்கின்றன என்பது அடுத்த பத்தாண்டில் வெளிப்பட்டது. நெதர்லாந்து அறிஞர் பெர்டெக், ஸ்டார்லிங் பறவைகள் பல்லாயிரத்தைப் பிடித்துச் சுவிட்சர்லாந்தில் விடுவித்து, முடிவை 1958இல் வெளியிட்டார். இளம்பறவைகள் பழைய திசையிலேயே பறந்து வேற்றிடம் சேர்ந்தன. முன்னரே பயணித்துப் பழகிய முதுபறவைகளோ திசையை மாற்றிக்கொண்டு உரிய இடத்தை நாடின. திசை பிறப்பிலேயே வாய்க்கிறது. இலக்கை அடையும் திறனோ பட்டறிவால் வருகிறது என்பது இதனால் புலனாயிற்று.

பட்டமற்ற சாலிம் அலிக்கு அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் 1958இல் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1976இல் பத்மவிபூஷண் விருது பெற்றார். அயல்நாட்டுப் பரிசாக வந்த பெருந்தொகையை இயற்கைப் பாதுகாப்புக்கே அளித்தார். ரிப்ளியுடன் இணைந்து பத்துத் தொகுதிகளாக எழுதிய இந்தியப் பறவைக் கையேடு அவர்தம் உழைப்பின் சான்றாகும். 1987இல் மறைந்த அவர் பெயரால் கோவையில் ஆய்வுமையம் ஒன்று இயங்குகிறது.

வானத்து வழியைப் பறவை அறியும். ஆனால் இறங்கும் நீர்நிலை தூர்ந்துபோயின், அவ்வறிவால் யாது பயன்? ஏரிகளையும் கழிமுகங்களையும் காப்பதே அப்பெருந்தகைக்கு நாம் செலுத்தும் நன்றியாகும். மாணவச் செல்வங்களே! இளமையில் திசையைத் தேர்ந்துகொள்ளுங்கள். வழி பிறழும்போது மூத்தோரின் பட்டறிவை நாடுங்கள்.