வில்லியம் ஹெபர்டன்

வில்லியம் ஹெபர்டன் (1710 – மே 17, 1801) ஓர் ஆங்கிலேய மருத்துவர் ஆவார். சின்னம்மையும் பெரியம்மையும் வெவ்வேறு நோய்கள் என்பதை 1767-இல் தெளிவாக எடுத்துக்காட்டியவர் இவரே. முதுமையில் விரல்களின் நுனி மூட்டுகளில் தோன்றும் சிறு புடைப்புகள் இவர் பெயரால் ஹெபர்டன் கணுக்கள் எனப்படுகின்றன.

வாழ்க்கை

லண்டனில் பிறந்த ஹெபர்டன், கேம்பிரிட்ஜில் உள்ள செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பயின்றார். அந்நகரிலேயே ஏறத்தாழ பத்து ஆண்டுகள் மருத்துவம் பார்த்ததோடு, மருந்துப் பொருட்கள் குறித்து விரிவுரைகளும் ஆற்றினார். 1748-இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜான்சன் இவரிடம் மருத்துவம் பெற்றவர்களுள் ஒருவர்.

சின்னம்மை ஆய்வு

அக்காலத்தில் சின்னம்மை என்பது பெரியம்மையின் கடுமை குறைந்த வடிவம் என்றே பலரும் எண்ணினர். (தமிழில் வழங்கும் இவ்விரு பெயர்களும்கூட ஒரே நோயின் இரு அளவுகள் என்ற மயக்கத்தையே தருகின்றன.) இது வெறும் பெயர்க் குழப்பம் அன்று. பெரியம்மை ஒருமுறை வந்தவருக்கு மீண்டும் வருவது அரிது. எனவே சின்னம்மை கண்டு தேறியவர்கள், தமக்குப் பெரியம்மை வந்து போய்விட்டது என்று நம்பி, அம்மைப்பால் குத்திக்கொள்ளாமல் இருந்துவிடுவர். பின்னர் உண்மையான பெரியம்மை தாக்கும்போது உயிரிழக்க நேரிடும்.

ஹெபர்டன் இவ்வாபத்தை நன்கு உணர்ந்திருந்தார். 1759-இல் அம்மைப்பால் குத்தும் முறையை எளிய நடையில் விளக்கிச் சிறு நூலொன்றை எழுதி, தம் சொந்தச் செலவில் அச்சிட்டு, அமெரிக்காவில் இலவசமாக வழங்கச் செய்தார். அதற்கு முன்னுரை எழுதியவர் பெஞ்சமின் பிராங்கிளின். பிராங்கிளினின் நான்கு வயது மகன் 1736-இல் பெரியம்மையால் இறந்திருந்தான்.

1767-இல் லண்டன் மருத்துவர் கல்லூரியில் அவர் அளித்த கட்டுரை, நோயின் போக்கை நாள்வாரியாக விவரித்தது. முதலில் சிவந்த புள்ளிகள் தோன்றும். இரண்டாம் நாள் அவற்றின் உச்சியில் தினையளவு நீர்க்கொப்புளம் எழும். ஐந்தாம் நாளுக்குள் பெரும்பாலானவை காய்ந்து பொருக்காகிவிடும். பெரியம்மையிலோ ஐந்தாம் நாளில் கொப்புளங்கள் முழுதாகப் பழுத்திருக்கவே மாட்டா. சின்னம்மை வந்தவருக்குப் பெரியம்மையிலிருந்து பாதுகாப்பு இல்லை என்பதையும் அவர் வலியுறுத்தினார். நுண்ணுயிர்களே இத்தகைய நோய்களுக்குக் காரணம் என்பது அறியப்படாத காலத்தில் அவர் இம்முடிவுக்கு வந்தது வியப்புக்குரியது.

சின்னம்மையைத் துன்பம் குறைந்த நோயாகவே அவர் கண்டார். குழந்தைகளைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் சரியே. எனினும் பெரியவர்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் நுரையீரல் அழற்சி போன்ற கடும் சிக்கல்கள் ஏற்படலாம். குணமான பின்னும் இத்தீநுண்மி நரம்பணுக்களில் தங்கியிருந்து, பிற்காலத்தில் அக்கியாக வெளிப்படுவதுண்டு.

பெரியம்மை ஒழிப்பு இயக்கத்தின் இறுதி ஆண்டுகளிலும், பெரியம்மை என்று ஐயுறப்பட்டவற்றுள் பல சின்னம்மையாகவே இருந்தன. ஹெபர்டன் காட்டிய வேறுபாட்டைக் களப்பணியாளர்கள் ஊர் ஊராகச் சென்று சரிபார்க்க வேண்டியிருந்தது.

பிற பணிகள்

மார்பு நெரிப்பு நோயை 1768-இல் விவரித்து அதற்குப் பெயரிட்டவரும் இவரே. நோயாளிகளைப் பற்றி வாழ்நாள் முழுதும் எழுதிவந்த குறிப்புகளை இலத்தீனில் தொகுத்து வைத்திருந்தார். மருத்துவரான அவருடைய மகன் அதனை 1802-இல், தந்தையின் மறைவுக்குப் பின், நூலாக வெளியிட்டார்.