நட்சத்திர ஒளிக்குப் படி போட்டவர்

வானத்தில், சுமார் 3 கோடி ஒளி ஆண்டு தூரத்தில், ஒரு பெரிய அண்டம் இருக்கிறது. கோடானுகோடி நட்சத்திரங்கள் கொண்டது. நமது பால்வீதிக்கு உள்ளது போன்ற சுருள் கைகள் அதற்கு இல்லை. நடுவில் தடித்து, ஓரத்தில் மெலிந்து, பூதக்கண்ணாடி வில்லை போல் தோன்றும். 1787-ல் வில்லியம் ஹெர்ஷல் அதைக் கண்டுபிடித்தார். 1888-ல் டிரேயர் என்பவர் வெளியிட்ட வான ஜாபிதாவில், அதற்கு 3115 என்ற எண் கிடைத்தது.

இன்றைய ஜாபிதாக்களில், அந்த எண்ணுக்கு நேரே அது இருக்கும் இடமும் அதன் உருவமும் குறிக்கப்பட்டிருக்கும். கூடவே இன்னொரு எண்ணும் இருக்கும். அதுதான் ஒளித்தரம், சுமார் 9. அந்தக் கணக்குக்குத் திட்டமான விதி வகுத்தவர், 30 ஆண்டுகள் சென்னை நுங்கம்பாக்கத்தில் வானத்தைப் பார்த்து, சென்னையிலேயே கண் மூடியவர். அவர் பெயர் நார்மன் போக்சன்.

ஆளுக்கு ஒரு படி

போக்சன் 1829-ல் இங்கிலாந்தில், நாட்டிங்ஹாம் நகரில் பிறந்தார். இளம் வயதிலேயே ஆக்ஸ்போர்டு வான ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

நட்சத்திரங்களை ஆறு தரமாகப் பிரிப்பது பழைய கிரேக்க வழக்கம். மிகப் பிரகாசமானவை முதல் தரம். கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிபவை ஆறாம் தரம். ஆனால், ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்? ஆளுக்கு ஒரு படி வைத்து அரிசி அளந்த கதைதான்!

1856-ல் போக்சன் ஒரே படியைக் கொண்டு வந்தார். முதல் தரம், ஆறாம் தரத்தைப் போல் சரியாக 100 மடங்கு ஒளி உடையது என்றார். அப்படியானால், ஒவ்வொரு தரத்துக்கும் இடையே 2.512 மடங்கு. இந்தக் கணக்குப்படி, 3115-ம் எண் அண்டம் ஆறாம் தர நட்சத்திரத்தைவிடச் சுமார் 16 மடங்கு மங்கல். வெறும் கண்ணுக்குத் தெரியாது.

சென்னையில் பிறந்த 'ஆசியா'

1861-ல் போக்சன் அரசாங்க வான ஆராய்ச்சியாளராகச் சென்னைக்கு வந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி ஒரு சிறு கிரகத்தைக் கண்டுபிடித்தார். ஆசிய மண்ணிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறு கிரகம் அது. எனவே, 'ஆசியா' என்றே பெயர் பெற்றது.

அவருடைய தலைமை உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றை 1867-ல் கண்டுபிடித்துப் புகழ் பெற்றவர். போக்சனின் மகள் ஐசிசும் 1873-ல் அங்கேயே உதவியாளர் ஆனார்.

முடியாத ஜாபிதா

1862 முதல் 1887 வரை நட்சத்திரங்களின் இடம் அளக்கும் வேலை நடந்தது. வடக்கு - தெற்காக மட்டும் திரும்பும் தொலைநோக்கி அது. நட்சத்திரம் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறிப்பார்கள். பிறகு கணக்குப் போட வேண்டும். இரவில் எடுத்த குறிப்புகள் மலையாகக் குவிந்தன. கணக்குப் போட ஆள் போதவில்லை. தென்னாட்டு மலை ஒன்றில் 20 அங்குலத் தொலைநோக்கி வேண்டும் என்று 1882-ல் கேட்டார். அது வரவில்லை. முதல் தொகுதி அச்சாக 1887 ஆயிற்று!

1891-ல் போக்சன் காலமானார். வேலை முடிந்திருக்கவில்லை. அடுத்து வந்த மிச்சி ஸ்மித் மிச்சத்தை முடித்தார். 5,303 நட்சத்திரங்கள் அடங்கிய ஜாபிதா 1899-ல் வெளிவந்தது. அதே ஆண்டில் வான ஆராய்ச்சியும் கோடைக்கானல் மலைக்கு மாறியது.

ஆயுள் முழுவதும் உழைத்த ஜாபிதாவை முழு உருவில் காணும் பாக்கியம் போக்சனுக்குக் கிட்டவில்லை. ஆனால், 27 வயதில் அவர் போட்ட படி மட்டும் மாறவே இல்லை. நாளை புதிதாக ஓர் அண்டத்தைக் கண்டுபிடித்தாலும், அதன் ஒளியை அந்தப் படியால்தான் அளப்பார்கள்.