நிறத்தை மறைய வைத்த பேயர்

ஜெர்மனியின் பெர்லின் நகரில், 1848ம் ஆண்டு அக்டோபர் 31ம் தேதி, ஒரு சிறுவனுக்கு 13வது பிறந்த நாள். கையில் இருந்த இரண்டு தாலர் காசுக்கு அவன் மிட்டாய் வாங்கவில்லை. ஒரு கட்டி நீலச் சாயம் வாங்கினான்! நம் ஊரில் அவுரிச் செடியிலிருந்து எடுப்பார்களே, அதே சாயம் தான்.

அந்தச் சிறுவன் தான் அடால்ஃப் வான் பேயர். பெயரைக் கேட்டுப் பயந்து விடாதீர்கள் குட்டீஸ்!

வளர்ந்து பேராசிரியர் ஆன பிறகும் அந்த நீலக் கட்டியை அவர் மறக்கவில்லை. 1880ல், செடியே இல்லாமல் ஆய்வகத்தில் நீலச் சாயம் செய்து காட்டினார். 1905ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால், 1897 முதல் வேறொரு முறையில் ஜெர்மன் தொழிற்சாலை மலிவாகச் சாயம் தயாரிக்க, இந்தியாவின் அவுரி வியாபாரம் படுத்து விட்டது. நஷ்டத்தை, தோட்ட முதலாளிகள் பீகார் விவசாயிகள் தலையில் கட்டினர். அவர்களுக்காக காந்திஜி சம்பாரண் சென்ற 1917ம் ஆண்டில் தான் பேயரும் இறந்தார்.

சாயம் செய்த பேயரை, பள்ளி ஆய்வகங்கள் நினைவில் வைத்திருப்பது, நிறம் மறையும் ஒரு சோதனைக்காக!

கார்பன் அணுவுக்கு நான்கு கைகள் என்று வைத்துக் கொள்ளுங்கள். எத்திலீன் வாயுவில் இரண்டு கார்பன்கள், இரண்டு கைகளால் ஒன்றையொன்று பிடித்திருக்கும். ஒரு பிடியை விட்டு, புது அணுவைச் சேர்த்துக்கொள்ள அவற்றால் முடியும். இதுவே நிறைவுறா ஹைட்ரோகார்பன். கண்ணுக்குத் தெரியாத இந்த இரட்டைப் பிடியை எப்படிக் கண்டுபிடிப்பது?

காரம் சேர்த்த, நீர்த்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் வாயுவைச் செலுத்தினார் பேயர். ஊதா நிறம் மறைந்து, பழுப்பு வீழ்படிவு வந்தால், இரட்டைப் பிடி இருக்கலாம். மீத்தேனைச் செலுத்தினால் ஊதா அப்படியே நிற்கும். ஆல்டிஹைடு போன்ற சில பொருட்களும் இந்த நிறத்தைப் போக்கிவிடும் என்பதால், புரோமின் நீரிலும் சோதித்துப் பார்ப்பார்கள். அதில் ஆரஞ்சு நிறம் மறையும்.

செட்டியார்பட்டி, ராஜபாளையம் பக்கம் மாம்பழ சீசன் உங்களுக்குத் தெரியும். பழுக்கும் மாம்பழம் விடும் வாயுவும் எத்திலீன் தான். அது பக்கத்துப் பழத்தையும் பழுக்க வைத்து விடும். அதனால், தூர தேசம் போகும் பழப் பெட்டிகளில் சிறு பொட்டலத்தில் பெர்மாங்கனேட் வைப்பதுண்டு. எத்திலீனை விழுங்க விழுங்க, பொட்டலத்தின் ஊதா, பழுப்பாக மாறும்.