25 வயதில் நோபல்... ஆனாலும் ‘அப்பாவின் பிள்ளை’! யார் இந்த லாரன்ஸ் பிராக்?

வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டுவரும் ஃபைபர், தலைமுடி பருமனே உள்ள கண்ணாடி இழை. அந்த மாதிரி இழைக்குள் லேசரால் வரிவரியாக அடுக்குகள் எழுதலாம். அவை ஒரே ஒரு அலைநீள ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும், மற்றதை விட்டுவிடும். இதற்குப் பெயர் ‘ஃபைபர் பிராக் கிரேட்டிங்’. 1978ல் கனடாவில் முதன்முதலாக இது உருவானது. பெயருக்குச் சொந்தக்காரர் அதைப் பார்க்கவில்லை, 1971லேயே இறந்துவிட்டார்.

வில்லியம் லாரன்ஸ் பிராக், 1890ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்தவர். அப்பா வில்லியம் ஹென்றி பிராக் அங்கே இயற்பியல் பேராசிரியர். சின்ன வயதில் மூன்று சக்கர சைக்கிளிலிருந்து விழுந்து பையனின் முழங்கை உடைந்தது. அப்போதுதான் புதிதாக வந்திருந்த எக்ஸ்-ரேயை வைத்து அப்பாவே படம் எடுத்துப் பார்த்தார்.

1909ல் குடும்பம் இங்கிலாந்து போனது. படிகத்தின் வழியே எக்ஸ்-ரே போனால் புள்ளிகளாகச் சிதறுகிறது என்று 1912ல் ஜெர்மனியிலிருந்து செய்தி வந்தது. ஏன் அப்படி? கேம்பிரிட்ஜில் ஆற்றங்கரையோரம் நடந்தபோது 22 வயது லாரன்ஸுக்கு விடை பிடிபட்டது. படிகத்தில் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சம் கதிரைத் திருப்பும். திரும்பும் அலைகளின் மேடும் மேடும் சேர்ந்தால் பலம் கூடும், மேடும் பள்ளமும் சேர்ந்தால் காலி. ஆக, எந்த அலைநீளம் எந்தக் கோணத்தில் தப்பிக்கும் என்பதை அடுக்குகளின் இடைவெளிதான் முடிவுசெய்கிறது. இதுவே பிராக் விதி.

சிக்கல் இங்கேதான். பெரிய மாநாடுகளில் பேசியது புகழ்பெற்ற அப்பா. மகனின் பங்கை அவர் மறைக்கவில்லை. ஆனாலும் கேட்டவர்கள் எல்லாமே அப்பாவின் வேலை என்றே எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் பெயரும் வில்லியம் வேறு! இந்த உறுத்தல் லாரன்ஸை நெடுநாள் விடவில்லை.

1915ல் அப்பாவுக்கும் மகனுக்கும் சேர்த்து நோபல் கிடைத்தது. அன்று லாரன்ஸுக்கு வயது 25. இயற்பியலில் அதைவிடச் சிறிய வயதில் இன்றுவரை யாரும் வாங்கவில்லை. செய்தி வந்தபோது அவர் போர்முனையில், சத்தத்தை வைத்து எதிரியின் பீரங்கி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தார். சுமார் இரண்டு மாதம் முன்புதான் தம்பி ராபர்ட் கலிபோலியில் உயிரிழந்திருந்தார். கொண்டாடுகிற மனநிலை எங்கே இருக்கும்?

பிறகு கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத் தலைவரானார். டிஎன்ஏவை விட்டுவிடுங்கள் என்று ஒரு கட்டத்தில் கிரிக், வாட்சனைத் தடுத்ததும் இவர்தான். 1953ல் அவர்கள் ஜெயித்தபோது மகிழ்ந்ததும் இவர்தான்.

இப்போது அவர் பெயர் இன்னும் நுணுக்கமான இடத்துக்குப் போயிருக்கிறது. சில இழைகளில் ஒளி ஓட ஒன்றல்ல, ஏழு பாதைகள்: நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. இவற்றை ‘மல்டிகோர்’ என்கிறார்கள். எல்லாப் பாதையிலும் ஒரே மாதிரி கிரேட்டிங் எழுதுவது லேசான வேலை இல்லை. பக்கவாட்டிலிருந்து புற ஊதா லேசரை அடித்தால், இழையின் உருண்டையான மேற்பரப்பே லென்ஸ் மாதிரி ஒளியை வளைத்துவிடும். ஒரு பாதைக்கு அதிகமும் இன்னொன்றுக்குக் குறைவும் விழும்.

சரியாக எழுதிவிட்டால் பலன் பெரிது. இழை வளைந்தால் வெளிப்பக்கப் பாதை நீளும், உட்பக்கம் சுருங்கும். அடுக்கு இடைவெளி மாறுவதால் திரும்பிவரும் அலைநீளமும் மாறும். அதைக் கணக்கிட்டால் இழையின் வளைவு தெரியும். உடம்புக்குள் செலுத்தும் மெல்லிய குழாயில் இப்படி ஓர் இழை இருந்தால், குழாய் எப்படி வளைந்திருக்கிறது என்பதை எக்ஸ்-ரே எடுக்காமலே டாக்டர் பார்த்துவிடலாம்.