திரையில் நடராஜா, திருகோணமலையில் ஆளுநர்: காமினி பொன்சேகாவின் வாழ்வு

அமெரிக்கத் தொலைக்காட்சியின் மூலம் வீடுதோறும் அறிமுகமான ரொனால்ட் றீகன் 1967 இல் கலிபோர்னிய மாநிலத்தின் ஆளுநரானார். வாள்வீச்சுப் படங்களால் மக்கள் மனங்கவர்ந்த எம்.ஜி.ஆர். 1977 இல் தமிழகத்தின் முதலமைச்சரானார். இலங்கையிலும் சண்டைப் படங்களின் நாயகர் ஒருவர் ஆட்சிப் பீடத்துக்கு வந்தார். வடக்குக் கிழக்கு மாகாணத்தின் ஆளுநராக 1995 முதல் 1998 வரை பதவி வகித்த காமினி பொன்சேகாவே அவர். வவுனியாவும் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அந்த மாகாணத்தினுள் அடங்கியிருந்தமையால், அவரது வாழ்வு தென்னிலங்கைக்கு மட்டும் உரிய கதையன்று.

1936 மார்ச் 21 ஆம் திகதி தெஹிவளையில் பிறந்த காமினி, கல்கிசை புனித தோமஸ் கல்லூரியில் பயின்றார். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ரேகாவ படப்பிடிப்பிலும், கித்துல்கலயில் டேவிட் லீன் எடுத்த குவாய் நதிப் பாலம் படத்திலும் உதவியாளராகத் தொழில் பழகினார். கமராவுக்குப் பின்னால் நின்ற இளைஞரை அதன் முன்னே கொண்டுவந்து நிறுத்த நீண்ட காலம் செல்லவில்லை.

முதலாவது வர்ணச் சிங்களப் படமான ரன்முத்து தூவ 1962 இல் வெளிவந்தது. திருகோணமலைக் கடலடியில் புதையல் தேடும் அக்கதையின் நாயகராகக் காமினி நாடறிந்தவரானார். 1965 இல் வெளியான சண்டியா அவரை அடிதடி நாயகராக நிலைநிறுத்தியது. ஆயினும் அந்தச் சட்டத்துக்குள் அவர் அடங்கிவிடவில்லை. கம்பெரலிய, நிதானய போன்ற படங்களில் வெளிப்பட்ட நடிப்பு வேறு தரத்தது. 1971 இன் வெலிகதர படத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மணற்றிட்டிகளிடையே கடத்தல்காரரோடு மோதும் பொலிஸ் அதிகாரியாகத் தோன்றினார். அமெரிக்க மேற்குப் புலப் படங்களின் சாயலை நம் மண்ணில் காட்டிய படைப்பு அதுவெனலாம்.

எனினும் தமிழ் பேசும் மக்கள் அவரை நினைவில் வைத்திருக்கக் காரணமான படம் 1979 இல் வெளிவந்த சருங்கலே ஆகும். சுனில் ஆரியரத்ன இயக்கிய அப்படத்தில், கொழும்பில் பணிபுரியும் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர் நடராஜாவாகக் காமினி வாழ்ந்து காட்டினார். வடக்கின் சாதிக் கொடுமையையும் அப்படம் மூடி மறைக்கவில்லை. 1958 கலவரத்தில் நடராஜா கொல்லப்படுவதோடு கதை முடிகிறது. தென்னிலங்கையின் தலைசிறந்த நாயகர் ஒருவர் தமிழராகத் தோன்றி, தமது இரசிகர்களின் கண்முன்னே இனவெறிக்குப் பலியானமை சாதாரண துணிவன்று. நான்கே ஆண்டுகளில், 1983 ஜூலையில், அதைவிடப் பன்மடங்கு கொடூரம் அரங்கேறியது. கலைக்கு மனச்சாட்சியைத் தொட முடியும். கும்பலின் கையைத் தடுக்க முடியாது என்பதை நாம் அன்று கண்டோம்.

1989 இல் ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் மாத்தறை மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்ற காமினி, 1994 வரை பிரதி சபாநாயகராகவும் விளங்கினார். 1994 இல் அவர் இயக்கிய நொமியென மினிசுன் படையினரை மையமாகக் கொண்டது. நடராஜாவின் துயரத்தைச் சொன்ன கலைஞர் படைவீரரின் பக்கமும் நின்றார் என்பதைச் சேர்த்தே அவரை நாம் மதிப்பிட வேண்டும்.

அவர் ஆளுநராயிருந்த ஆண்டுகள் வன்னி மறக்கவியலாதவை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுப் பெயர்ந்த மக்களில் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்து சேர்ந்தனர். 1996 இல் கிளிநொச்சி நகர் படையினர் வசமானது. 1997 மே மாதம் ஏ9 வீதியைத் திறப்பதற்கான ஜயசிக்குறு நடவடிக்கை தொடங்கியது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் மக்கள் ஏங்கிக் கிடந்தனர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடக்கு முஸ்லிம்கள், 70,000 இற்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் புத்தளத்து முகாம்களில் காலங்கழித்தனர். சொந்த மாகாணத்தின் ஆளுநருக்கு அந்த முகாம்களின் மீது அதிகாரம் இருக்கவில்லை. புத்தளம் வேறு மாகாணத்தைச் சேர்ந்தது.

றீகனும் எம்.ஜி.ஆரும் மக்கள் வாக்குகளால் வந்தவர்கள். காமினியோ ஜனாதிபதியால் நியமிக்கப்பட்டவர். மாகாண சபை 1990 இலேயே கலைக்கப்பட்டிருந்தமையால் நிர்வாகம் ஆளுநரின் கையில் இருந்தது. யுத்தமோ கொழும்பின் கையில் இருந்தது. வன்னியின் பெரும்பகுதி அவ்விரண்டுக்கும் வெளியே விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. நல்லெண்ணம் கொண்ட ஒருவரை ஆசனத்தில் அமர்த்திவிட்டு அதிகாரத்தை வேறிடத்தில் வைத்துக்கொண்டால் விளைவு எதுவாகும் என்பதற்கு அந்த மூன்றாண்டுகளே சான்று.

2004 செப்டெம்பர் 30 ஆம் திகதி காமினி காலமானார். அவர் ஆண்ட வடக்குக் கிழக்கு மாகாணமும் 2007 தொடக்கத்தில் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஆளுநர் என்ற வகையில் வன்னி மக்களின் வாழ்வை அவரால் மாற்ற முடியவில்லை. நடிகர் என்ற வகையில், தமிழரின் வலியைச் சிங்கள மக்களின் வீட்டு வாசலுக்குக் கொண்டு சென்றார். பதவி அவருக்குத் தராத செல்வாக்கை அந்த ஒரு வேடம் தந்தது. சருங்கலே போன்ற படங்களை இந்நாட்டின் மூவின மாணவரும் ஒன்றாக அமர்ந்து பார்க்க வழிசெய்வதே அவருக்குச் செய்யத்தக்க அஞ்சலி என்பது நமது கருத்தாகும்.