தமக்கே ஊசி போட்டுக்கொண்டவர்

2021-இல் கோவிட் தடுப்பூசிக்குப் பதிந்துகொள்ளப் பாட்டி மறுத்துவிட்டார். அன்றிரவு அவரிடம் நான் சொன்னது வால்டெமர் ஹாஃப்கினின் கதை.

1860-இல் ஒடெஸ்ஸாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பாரிஸ் பாஸ்டர் ஆய்வகத்தில் காலரா தடுப்பூசியை உருவாக்கி, 1892-இல் தமக்கே போட்டுக்கொண்டார். 1893-இல் இந்தியா வந்தார். பம்பாயில் பிளேக் பரவியபோது அதற்கும் தடுப்பூசி கண்டு, 1897 சனவரியில் அதையும் தம் உடலிலேயே சோதித்தார். அச்சத்தைப் போக்க இதைவிடச் சிறந்த சான்று உண்டோ?

ஆயினும் சோதனை காத்திருந்தது. 1902-இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில், ஊசி போடப்பட்ட 107 பேரில், ஒரே புட்டியிலிருந்து ஊசி பெற்ற 19 பேர் டெட்டனஸ் நோயால் மாண்டனர். பழி ஹாஃப்கின்மீது விழுந்தது, பதவியும் பறிபோனது. கிருமி கலந்தது ஆய்வகத்தில் அன்று, கிராமத்தில் புட்டியைத் திறந்தபோதுதான் என ரொனால்ட் ராஸ் முதலிய அறிஞர்கள் வாதாடினர். 1907-இல்தான் களங்கம் நீங்கியது. 1925-இல் பம்பாய் ஆய்வகம் அவர் பெயரைப் பெற்றது. 1930-இல் அவர் மறைந்தார்.

அந்தப் பத்தொன்பது பேரை மறைத்துச் சொல்லியிருக்கலாம். நான் மறைக்கவில்லை. பாட்டி நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் காலையில் அடையாள அட்டையை என்னிடம் நீட்டினார். நம்பிக்கை, உண்மையை முழுதாகச் சொல்வதில்தான் பிறக்கிறது.