ஒற்றர் ஜேம்ஸ்: நாட்டுக்குக் கிடைத்த விடுதலை அவருக்குக் கிடைக்கவில்லை

கார்ன்வாலிஸ் பிரபுவை நம் மாணவர்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பார்கள். திப்பு சுல்தானோடு போரிட்டு, 1792இல் சேலம், திண்டுக்கல் பகுதிகளைக் கம்பெனி ஆட்சிக்குள் கொண்டுவந்த கவர்னர் ஜெனரல். இந்தியாவுக்கு வருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, இதே மனிதர் அமெரிக்காவில் தோற்றுச் சரணடைந்தார். அந்தத் தோல்விக்கு வழிசெய்தவர்களில் ஒருவர், அவருடைய முகாமிலேயே வேலை பார்த்த கறுப்பின அடிமை ஜேம்ஸ்.

வர்ஜீனியா மாநிலத்தின் நியூ கென்ட் பகுதியைச் சேர்ந்தவர் ஜேம்ஸ். அவருடைய எஜமானர் வில்லியம் ஆர்மிஸ்டெட். 1781இல் எஜமானரின் அனுமதியோடு, விடுதலைப் படையின் தளபதி லஃபாயெட்டிடம் வேலைக்குச் சேர்ந்தார். லஃபாயெட் பிரான்சிலிருந்து வந்த 23 வயது இளைஞர். ஆங்கிலேயர் அடுத்து எங்கே நகர்வார்கள் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

தப்பியோடிய அடிமைபோல ஜேம்ஸ் எதிரி முகாமுக்குப் போனார். யாரும் சந்தேகப்படவில்லை. கலகக்காரர்களிடமிருந்து ஓடிவரும் அடிமைகளுக்கு விடுதலை தருவதாக ஆங்கிலேயர் சொல்லியிருந்ததால், ஆயிரக்கணக்கானோர் அப்படி வந்துகொண்டிருந்தார்கள். தீனி தேடுவது, வழி காட்டுவது, அதிகாரிகளுக்குப் பரிமாறுவது என்று வேலைகள் கிடைத்தன. பரிமாறுகிறவனுக்கும் காது உண்டு என்று அதிகாரிகள் நினைக்கவில்லை. அவர் எதிரிலேயே படைத்திட்டம் பேசினார்கள். ஏவலாளை ஆளாக மதிக்காத இந்த வழக்கம் நமக்கும் தெரிந்ததுதானே!

கேட்டதை அவர் லஃபாயெட்டுக்கு அனுப்பினார். அமெரிக்கரை உளவு பார்க்கச் சொல்லி ஆங்கிலேயரும் அவரையே அனுப்ப, இரு முகாம்களுக்கும் இடையே போய்வருவது சுலபமாயிற்று. பிடிபட்டிருந்தால் தூக்குதான்.

அந்த ஜூலையில் லஃபாயெட் வாஷிங்டனுக்கு எழுதிய கடிதத்தில், கார்ன்வாலிஸிடம் வேலை பார்க்கும் ஒருவர் தமக்குச் செய்தி அனுப்புவதைக் குறிப்பிடுகிறார். படை கிளம்பத் தயாராகிறது, ஆனால் காகிதங்களைப் பிரபு நெருங்கவிடுவதில்லை என்பது செய்தி. அவர் ஜேம்ஸ்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆகஸ்டில் கார்ன்வாலிஸ் யார்க்டவுனில் போய் அமர்ந்தார். கடலைப் பிரெஞ்சுக் கப்பல்கள் அடைத்தன, தரையை வாஷிங்டனின் படை வளைத்தது. அக்டோபர் 19 அன்று 7,000க்கும் மேற்பட்ட வீரர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்தனர்.

நாடு விடுதலை பெற்றது. ஜேம்ஸ் எஜமானர் வீட்டுக்குத் திரும்பினார், அடிமையாகவே.

எஜமானருக்குப் பதிலாகப் படைவீரராகப் போரிட்ட அடிமைகளை விடுவிக்க வர்ஜீனியா 1783இல் சட்டம் இயற்றியது. ஜேம்ஸ் படைவீரர் அல்லர், ஒற்றர். அதனால் சட்டம் அவருக்குப் பொருந்தவில்லை. உயிரைப் பணயம் வைத்தது ஒரு பொருட்டாகவில்லை; பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான். சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் அலைகிறவர்களுக்கு இது புரியும்.

1784இல் ரிச்மண்டுக்கு வந்த லஃபாயெட், ஜேம்ஸின் பணியைப் பாராட்டித் தம் கைப்பட ஒரு சான்று எழுதிக் கொடுத்தார். அதை இணைத்து ஜேம்ஸ் சட்டமன்றத்துக்கு மனு போட்டார். 1787 ஜனவரியில்தான் விடுதலை வந்தது. யார்க்டவுன் வெற்றிக்குப் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கும் மேல். அப்போதும் இழப்பீடு போனது எஜமானருக்கு!

விடுதலையானவர் தம் பெயரோடு லஃபாயெட் என்று சேர்த்துக்கொண்டார். நியூ கென்டில் 40 ஏக்கர் நிலம் வாங்கிப் பயிர் செய்தார். பின்னாளில் அவரிடமும் அடிமைகள் இருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. முதுமையில் வறுமை வந்தபோது மறுபடி மனு போட்டார். உடனடியாக 60 டாலரும், ஆண்டுக்கு 40 டாலர் ஓய்வூதியமும் கிடைத்தன.

1824இல் லஃபாயெட் மீண்டும் அமெரிக்கா வந்தார். ரிச்மண்ட் கூட்டத்தில் ஜேம்ஸை அடையாளம் கண்டு கட்டித்தழுவினார் என்கிறார்கள். அந்தக் காலத்தில் ஜான் மார்ட்டின் என்ற ஓவியர் வரைந்த ஜேம்ஸின் படம் ரிச்மண்ட் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. அதில் அவர் படைவீரர் கோட்டு அணிந்திருக்கிறார்.